சோலார் போட்டாச்சு, பில்லும் குறைஞ்சாச்சு... ஆனா எல்லா பேனலும் வேலை செய்யுதா? மைக்ரோ இன்வர்ட்டர் கணக்கு



893 ரூபாய். போன ஆகஸ்ட்ல மதுரையில இருக்கிற எங்க அப்பா வீட்டுக்கு வந்த கரண்ட் பில் இது. சோலார் போடுறதுக்கு முன்னாடி அதே வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 3,800 ரூபாய்க்கு மேல கட்டிக்கிட்டு இருந்தோம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மெசேஜை அப்படியே எனக்கு அனுப்பி, "பாத்தியாப்பா, எவ்வளவு குறைஞ்சிருச்சு"ன்னு கேட்டார். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன்.

ஆனா அந்த மாசம் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய பில் 329 ரூபாய். மின்வாரியம் தப்பு பண்ணலை, அவங்க கணக்கு சரிதான். மாடியில இருக்கிற நாலு பேனல்ல ஒண்ணு ஜூன் முதல் வாரத்துல இருந்தே ஒரு யூனிட்கூட தராம சும்மா வெயில் காய்ஞ்சுகிட்டு இருந்திருக்கு. இது எனக்குத் தெரிய வந்தது தீபாவளிக்கு ஊருக்குப் போனப்பதான். இத்தனைக்கும் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியா போன்லயே பார்க்கலாம்னு சொல்லி, 35,000 ரூபாய் அதிகம் கொடுத்து மைக்ரோ இன்வர்ட்டர் வாங்கினவன் நான்.

3,800 கட்டின ஆளுக்கு 893 வந்தா யாருக்கு சந்தேகம் வரும்? சோலார்ல இருக்கிற பெரிய சிக்கலே இதுதான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆனா பால் திரிஞ்சிடும், உடனே தெரியும். சோலார் பாதி ரிப்பேர் ஆனா, "பரவாயில்லையே, பில் குறைஞ்சிருக்கே"ன்னு நாம சந்தோஷப்பட்டுக்கிட்டே இருப்போம். அதனால எவ்வளவு போடணும், எதைப் போடணும், போட்ட பிறகு எதைப் பார்க்கணும்னு மூணையும் இன்னைக்கு என் வீட்டுக் கணக்கை வெச்சே சொல்றேன்.

முதல்ல பில்லை எடுங்க, அப்புறம் மாடிக்குப் போகலாம்

சோலார் விக்கிறவங்க முதல்ல கேக்கிற கேள்வி "மாடியில எவ்வளவு இடம் இருக்கு?" நாம கேக்க வேண்டிய கேள்வி அது இல்லை. போன ஆறு பில்லை எடுத்து வெச்சு, ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுதுன்னு பாருங்க.

தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல போகப் போக ஒரு யூனிட்டோட விலை ஏறும். 2024 ஜூலைக்கு அப்புறம் நாம கட்டுற ரேட்டை வெச்சுப் பார்த்தா, மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.35 சலுகை போயிடும். 101-லேர்ந்து 400 வரைக்கும் 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50.

எங்க வீட்டுல சராசரியா 700 யூனிட். பில் 3,825 ரூபாய். தமிழ்நாட்டு வெயிலுக்கு 1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும்னு வெச்சுக்கலாம். 2 கிலோவாட் போட்டா 60 நாளுக்கு 480 யூனிட். நெட் மீட்டர்ல கழிச்சா மிச்சம் 220. அதுக்கு பில் 329 ரூபாய். ஆக, ரெண்டு மாசத்துக்கு 3,496 மிச்சம். வருஷத்துக்கு ஏறக்குறைய 21,000.

"அப்ப 3 கிலோவாட் போட்டு பில்லை ஜீரோ ஆக்கிடலாமே!" என்கிட்ட வந்த மூணு கொட்டேஷன்காரங்களும் இதையேதான் சொன்னாங்க. போட்டா 720 யூனிட் வரும், பில் ஜீரோதான். ஆனா அந்த மூணாவது கிலோவாட் மிச்சம் பண்ணிக் கொடுக்கிறது வெறும் 329 ரூபாய். வருஷத்துக்கு 2,000-கூட முழுசா இல்லை. மானியம் போக அந்த ஒரு கிலோவாட்டுக்கு 40,000 ரூபாய் நான் கூடுதலா போடணும். இருபது வருஷம் ஆகும் அந்தக் காசு திரும்பி வர. பில்லுல ஜீரோ பார்க்கிற ஆசைக்கு இது ரொம்ப அதிகம்.

ஆனா உங்க வீட்டுல 1,000 யூனிட் ஓடுதுன்னா கதையே வேற. பில் 6,870. 2 கிலோவாட் போட்டா 2,208 ஆகும், 3 கிலோவாட் போட்டா 611 ஆகும். அங்க அந்த மூணாவது கிலோவாட் ரெண்டு மாசத்துக்கு 1,597 ரூபாய் சம்பாதிக்குது. தாராளமா போடலாம். 350 யூனிட்டுக்குள்ள முடியுற வீட்டுக்கு மொத்த பில்லே 940 ரூபாய்தான். அவங்க இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு, காசை வேற இடத்துல போடலாம்.

அதாவது, சோலார் காப்பாத்துறது உங்க மேல் ஸ்லாப் யூனிட்டைத்தான். அங்கதான் காசு. கீழ் ஸ்லாபுக்காக பேனல் வாங்காதீங்க.

மைக்ரோ இன்வர்ட்டர்: எதுக்கு வாங்கலாம், எதுக்கு வாங்கக் கூடாது

பேனல்ல இருந்து வர்றது டிசி கரண்ட். வீட்டுக்கு வேணும்கிறது ஏசி. மாத்திக் கொடுக்கிறது இன்வர்ட்டர். சாதாரண முறையில எல்லா பேனலையும் தொடரா இணைச்சு, கீழே சுவத்துல ஒரே ஒரு பெட்டியில கொண்டு வந்து விடுவாங்க. இதுக்குப் பேரு ஸ்ட்ரிங் இன்வர்ட்டர். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோர்த்தது. ஒரு பேனல் மேல நிழல் விழுந்தா மத்ததையும் அது கொஞ்சம் இழுத்து விடும். இப்ப வர்ற பேனல்ல பைபாஸ் டையோடு இருக்கிறதால எல்லாமே செத்துடாது, ஆனா பாதிப்பு இருக்கும்.

மைக்ரோ இன்வர்ட்டர்ங்கிறது ஒவ்வொரு பேனலுக்கும் அடியில ஒரு குட்டிப் பெட்டி. டிஃபன் பாக்ஸ் சைஸ்தான். அங்கேயே ஏசியா மாத்திடும். ஒரு பேனல் படுத்தாலும் மத்தது தன் பாட்டுக்கு ஓடும். அமெரிக்காவுல என்ஃபேஸ் கம்பெனி 2008-ல இதைச் சந்தைக்குக் கொண்டு வந்து பிரபலமாக்கினாங்க. இப்ப இந்தியாவுல பல பிராண்ட் கிடைக்குது.

எங்க மாடியில பக்கத்து வீட்டு தண்ணி டேங்க் நிழல் மூணு மணிக்கு மேல ஒரு பேனல் மேல விழும். "நிழல் இருக்கா? அப்ப கண்டிப்பா மைக்ரோதான் சார், உற்பத்தி பத்து சதவீதம் ஏறும்"னு சொன்னாங்க. சரி, பத்து சதவீதம்னே வெச்சுக்குவோம். 2 கிலோவாட்டுக்கு வருஷத்துக்கு 2,920 யூனிட், அதுல பத்து சதவீதம் 292. அந்த கூடுதல் யூனிட் கழியுறது நம்ம பில்லோட அடி ஸ்லாப்ல, அதாவது அதிகபட்சம் 4.70 ரூபாய் இடத்துல. வருஷத்துக்கு 1,372 ரூபாய். ஸ்ட்ரிங் முறைக்கு எனக்கு வந்த விலை 1,35,000, மைக்ரோவுக்கு 1,70,000. வித்தியாசம் 35,000. வெறும் கூடுதல் யூனிட்டை மட்டும் வெச்சுப் பார்த்தா அந்தக் காசு திரும்ப 25 வருஷம் ஆகும்!

அப்ப நான் ஏன் வாங்கினேன்?

அப்பாவுக்கு 66 வயசு, அம்மாவுக்கு மூட்டு வலி. ரெண்டு பேரும் அங்க தனியா இருக்காங்க, நான் சென்னையில. ஒரே பெட்டி போட்டா, அது ரிப்பேர் ஆகுற அன்னைக்கு மொத்த உற்பத்தியும் நின்னுடும். சர்வீஸ் ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். மைக்ரோவுல ஒண்ணு போனா கால் பங்குதான் போகும். ரெண்டாவது காரணம், தொடரா இணைக்கிறப்ப டிசி வோல்டேஜ் கூடிக்கிட்டே போகும். ஒரு 540 வாட் பேனல் ஏறக்குறைய 50 வோல்ட். நாலு சேர்ந்தா 200, பத்து சேர்ந்தா 500. அம்மா துணி காயப் போடுற மாடியில அவ்வளவு டிசி ஓட வேண்டாம்னு நினைச்சேன். மூணாவது காரணம், அந்த ஆப். எந்த பேனல் என்ன பண்ணுதுன்னு அப்பா ஏணியில ஏறாமலே நான் இங்கிருந்து பார்க்கலாம்.

இந்த மூணும் உங்களுக்கு முக்கியம் இல்லைன்னா, நிழலே விழாத, எல்லா பேனலும் தெற்கு பார்த்து வைக்கிற மாடின்னா, ஸ்ட்ரிங் இன்வர்ட்டரே போதும். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. மாடி சின்னதா இருந்து ரெண்டு பேனல் கிழக்கு, ரெண்டு மேற்குன்னு பிரிச்சு வைக்கணும்னாலோ, இப்ப ரெண்டு, அப்புறம் ரெண்டுன்னு படிப்படியா போடணும்னாலோ மைக்ரோ நல்லாவே வேலை செய்யும்.

மைக்ரோவுக்குக் குறையும் உண்டு. பெட்டி மொட்டை மாடியில, பேனலுக்கு அடியில, மே மாச வெயில்ல வேகும். ரிப்பேர்னா பேனலைக் கழட்டித்தான் கை வைக்கணும். அதனால பேனலைத் தரையோட ஒட்டி வைக்காம, காத்து அடியில போற மாதிரி தூக்கி வைக்கச் சொல்லுங்க. சிலர் எட்டடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் போட்டு பந்தல் மாதிரி ஆக்குறாங்க. நிழலும் கிடைக்கும், வத்தலும் காயப் போடலாம், பார்க்க அழகுதான். ஆனா இரும்புக்கு தனியா காசு, கழுவுறது பெரும்பாடு. வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஒரு விஷயம் ரெண்டுக்கும் பொது. ஸ்ட்ரிங்கோ மைக்ரோவோ, பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார்னா, கரண்ட் போனா சோலாரும் நின்னுடும். கம்பத்துல வேலை பார்க்கிற லைன்மேனுக்கு நம்ம வீட்டு கரண்ட் போய் அடிக்கக் கூடாதுன்னு வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க. "மாடியில இவ்வளவு காசைக் கொட்டிட்டு ஃபேன் ஓடலையே"ன்னு அப்பா முதல் மாசம் என்னைத் திட்டினார். முன்னாடியே சொல்லாதது என் தப்பு. வீட்டுல சொல்லிடுங்க.

மானியம்: ஒரு சின்ன கண்ணி

2024 பிப்ரவரியில மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கினாங்க. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000. 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் மொத்தம் 78,000, அவ்வளவுதான். தேசிய இணையதளத்துல மின் இணைப்பு எண்ணை வெச்சுப் பதிவு பண்ணி, அங்க பதிவு செஞ்ச நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிஞ்சு, நெட் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிஞ்ச பிறகு மானியம் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும். முழுக் காசையும் முதல்ல நாமதான் கட்டணும்கிறதை பட்ஜெட்ல மறக்காதீங்க. 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாத கடனும் பேங்க்ல கிடைக்குது. திட்டம் தொடங்கினப்ப வட்டி சுமார் 7 சதவீதம். பர்சனல் லோன் எடுத்து மட்டும் இதைப் போடாதீங்க. அந்த வட்டிக்கு மேல சொன்ன கணக்கு எதுவுமே நிக்காது.

கண்ணி எங்கன்னா, மானியம் கணக்கிடுறது பேனலோட கொள்ளளவு, இன்வர்ட்டரோட கொள்ளளவு ரெண்டுல எது குறைவோ அதை வெச்சு. நாலு 540 வாட் பேனல், 2,160 வாட். அதுக்கு அடியில 400 வாட் மைக்ரோ மாட்டினா மொத்தம் 1.6 கிலோவாட்தான், மானியம் 48,000-ல நின்னுடும். எனக்கு முதல்ல வந்த கொட்டேஷன் அப்படித்தான் இருந்துச்சு. 500 வாட் மைக்ரோவா மாத்தச் சொன்னேன். நாலு சேர்ந்து 2 கிலோவாட், முழுசா 60,000 வந்துச்சு. விலையில வித்தியாசம் அவ்வளவா இல்லை. கொட்டேஷன்ல பேனல் வாட்டை மட்டும் பெருசா போட்டிருந்தா, அடியில மைக்ரோ எத்தனை வாட்னு கேளுங்க.

இன்னும் ரெண்டு: மானியத்துக்கு இந்தியாவுலயே தயாரான செல், இந்தியாவுலயே தயாரான பேனல்தான் ஏத்துக்குவாங்க. அப்புறம் மின் இணைப்பு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தாத்தா பேர்லயே இன்னும் ஓடுதுன்னா பேர் மாத்துற வேலையை முதல்ல முடிங்க. அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவுன்னும் பில்லுலயே இருக்கும், போடப் போற கிலோவாட்டுக்கு அது போதுமான்னு பார்த்துக்கோங்க.

என் கணக்கு: 1,70,000-ல 60,000 போக 1,10,000. வருஷத்துக்கு 21,000 மிச்சம்னா அஞ்சேகால் வருஷம். ஸ்ட்ரிங் போட்டிருந்தா 75,000-தான், மூணரை வருஷம் சொச்சத்துல முடிஞ்சிருக்கும். இதே 1,10,000-ஐ 7 சதவீத எஃப்டியில போட்டா வருஷம் 7,700 வட்டி, அதுக்கும் வரி உண்டு. கட்டாம மிச்சம் பிடிச்ச பில்லுக்கு வரி கிடையாது. ஆனா எஃப்டியில அசல் நம்ம கைக்குத் திரும்பும், பேனல்ல போட்டது பேனல்லதான் இருக்கும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிற வீடியோக்களை நம்பாதீங்க.

வேலை முடிஞ்சு ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி

இந்த இடத்துல நான் கோட்டை விட்டேன். நீங்க விட வேண்டாம்.

மைக்ரோ ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். எந்த நம்பர் எந்த பேனலுக்கு அடியில இருக்குன்னு ஒரு தாள்ல ஒட்டி வரைபடம் போடுவாங்க. அந்தத் தாளை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பின்னாடி "மூணாம் நம்பர் வேலை செய்யலை"ன்னு ஆப் சொன்னா, மாடியில எது மூணுன்னு தெரியணுமே. நான் எடுத்து வைக்கலை. நாலு பேனலையும் கழட்டிப் பார்க்க வேண்டியதாப் போச்சு.

அடுத்தது, ஆப் கணக்கு யார் பேர்ல இருக்கு? நிறைய இடத்துல மாட்டிக் கொடுத்தவங்க தங்களோட கணக்குலயே சேர்த்துட்டு, நமக்கு வெறுமனே பார்க்கிற வசதி மட்டும் கொடுப்பாங்க. உரிமையாளர் கணக்கு உங்க மின்னஞ்சல்ல இருக்கணும். எச்சரிக்கை மெசேஜ் உங்களுக்கு வரணும். அப்பா போன்ல ஆப்பைப் போட்டுக் கொடுத்துட்டு "எல்லாம் செட் பண்ணியாச்சு சார்"னு போயிடுவாங்க, அது போதாது.

மூணாவது, கேட்வே. மைக்ரோக்கள் சொல்ற தகவலை வாங்கி இன்டர்நெட்டுக்கு அனுப்புற சின்னப் பெட்டி இது. பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலதான் சேரும். ரவுட்டர் மாறினாலோ பாஸ்வேர்டு மாறினாலோ இது கட் ஆகிடும், மறுபடி நாமதான் சேர்க்கணும். எப்படின்னு ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கோங்க. எர்த்திங், சர்ஜ் பாதுகாப்பு, தனி எம்.சி.பி. எல்லாம் மைக்ரோவுக்கும் உண்டு. "மைக்ரோவுக்கு எர்த் தேவையில்லை"ன்னு ஒருத்தர் சொன்னா வேற ஆளைப் பாருங்க.

ஆப்ல எதைப் பார்க்கணும்

முதல் மாசம் எல்லாரும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆப்பைத் திறந்து பார்ப்போம். ஷேர் வாங்கின புதுசுல பார்க்கிற மாதிரி. அப்புறம் ஆறு மாசம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். ரெண்டுமே வேண்டாம்.

"இன்னைக்கு 9 யூனிட், நேத்து 6 யூனிட், என்ன ஆச்சு?"ன்னு நாளோட நாளை ஒப்பிட்டுக் குழம்பாதீங்க. மேகம் வந்தா குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில 8 யூனிட்டை எதிர்பார்க்கவே முடியாது. பங்குனி, சித்திரை வெயில்ல உற்பத்தி உச்சத்துல இருக்கும்னு நினைப்போம். ஆனா சூடு ஏற ஏற பேனலோட திறன் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் மூணில் ஒரு சதவீதம் அளவுக்கு. அதனால நாளை ஒப்பிடாதீங்க, பேனலை பேனலோட ஒப்பிடுங்க. நாலுக்கும் ஒரே வெயில், ஒரே மேகம். மாசத்துக்கு ஒரு தடவை, அந்த மாச மொத்தத்தை நாலு பேனலுக்கும் எடுங்க. எங்க வீட்டுல முதல் மாசம் ஒவ்வொண்ணும் 60 யூனிட்டை ஒட்டி, டேங்க் நிழல் விழுறது மட்டும் 54. அந்த 54 அதோட சுபாவம். அதை எழுதி வெச்சுக்கிட்டேன்.

இனி, நாலும் சேர்ந்து மெதுவா இறங்கினா அது தூசி. கழுவுங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணி, மெல்லிய துணி. நண்பகல்ல கொதிக்கிற கண்ணாடி மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. உப்புத் தண்ணி போர்னா கழுவிட்டு அப்படியே காய விட்டா வெள்ளையா படியும், துடைச்சு எடுங்க. ஒண்ணு மட்டும் இறங்கினா காக்கா எச்சம், புதுசா வளர்ந்த கிளை, இல்லைன்னா கனெக்டர். ஒண்ணு மட்டும் ஜீரோன்னா மைக்ரோவோ வயரோ போச்சு. எல்லாமே ஒரே நேரத்துல ஜீரோன்னா பதறாதீங்க. எம்.சி.பி. விழுந்திருக்கும், இல்லைன்னா வைஃபை போயிருக்கும். வைஃபை மட்டும் போயிருந்தா உற்பத்தி நடந்துகிட்டே இருக்கும், ஆப்புக்குத்தான் தெரியாது.

நல்ல வெயில் நாள்ல பன்னெண்டு மணிக்கு கிராஃப் மலை மாதிரி ஏறாம மேசை மாதிரி தட்டையா நின்னா ரிப்பேர் இல்லை. 540 வாட் பேனலுக்கு 500 வாட் மைக்ரோ போட்டிருக்கோம்ல, அதுக்கு மேல அது விடாது. வருஷக் கணக்குல அந்த நஷ்டம் ரொம்பச் சொற்பம். ஆனா நண்பகல்ல எல்லா பேனலும் சேர்ந்து நின்னு நின்னு ஓடினா, கிரிட் வோல்டேஜ்னு ஒரு தகவல் ஆப்ல இருக்கும், அதைப் பாருங்க. தெருவுல வோல்டேஜ் வரம்பைத் தாண்டினா மைக்ரோக்கள் தானா கழண்டுக்கும். டிரான்ஸ்பார்மர் பக்கத்துல இருக்கிற வீடுகள்ல இது வரும். ஸ்கிரீன்ஷாட்டோட மின்வாரியத்துல புகார் கொடுங்க. மாட்டினவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஆப் காட்டுறது உற்பத்தியை மட்டும்தான். வீட்டுல எவ்வளவு செலவாச்சுன்னு தெரிய நெட் மீட்டரையும் சேர்க்கணும். உற்பத்தி 480, மீட்டர்ல உள்ளே வந்தது 430, வெளியே போனது 210. பில் போடுறது 430-ல 210 போக 220-க்கு. வீட்டுச் செலவு 480-ஐயும் 430-ஐயும் கூட்டி 210-ஐக் கழிச்சா 700. இந்த 700-தான் முக்கியம். பில் ஏறினப்ப அது செலவு ஏறினதாலயா, உற்பத்தி இறங்கினதாலயான்னு இந்த ஒரு கணக்கு சொல்லிடும். அந்த ஆகஸ்ட் பில் வந்தப்ப அப்பா "ஏசி கொஞ்சம் கூட ஓடிச்சுப்பா"ன்னு சொன்னார். நான் நம்பினேன். கணக்குப் போட்டிருந்தா வீட்டுச் செலவு அதே 700-தான், உற்பத்திதான் 360-ஆ இறங்கியிருக்குன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

சம்மர்ல இந்தக் கணக்குக்கு இன்னும் மதிப்பு அதிகம். ஏப்ரல், மே மாசத்துல எங்க வீட்டுல 1,000 யூனிட் ஓடும். சோலார் 480 போக 520. பில் 2,208. இதுவே 20 யூனிட் குறைஞ்சு 500-ல நின்னிருந்தா 1,805. வெறும் 20 யூனிட்டுக்கு 403 ரூபாய்! ரீடிங் எடுக்க ரெண்டு வாரம் இருக்கிறப்பவே மீட்டரைப் பார்த்து, 500-ஐ ஒட்டிப் போகுதுன்னு தெரிஞ்சா, பேனலை ஒரு தடவை நல்லா கழுவி, ஏசியை 26-ல வெச்சாலே அந்த 20 யூனிட் வந்துடும். வாஷிங் மெஷினை பகல்லதான் போடணும்னு அவசியம் இல்லை. நெட் மீட்டர்ல பகல் யூனிட்டும் ராத்திரி யூனிட்டும் ஒண்ணுதான்.

என் வீட்டுல என்ன நடந்துச்சு

மே கடைசியில அப்பா பிராட்பேண்ட் கம்பெனியை மாத்தினார். மாசம் 150 ரூபாய் மிச்சம். புது ரவுட்டர், புது பாஸ்வேர்டு. டிவி ஓடிச்சு, போன் ஓடிச்சு, கேட்வேயை யாரும் நினைக்கலை. ஆப்ல "தொடர்பு இல்லை"ன்னு இருந்திருக்கும். நான் ஆப்பையே திறக்கலை. எச்சரிக்கை மெசேஜ் போனது மாட்டினவங்க கணக்குக்கு. அவங்க யாருக்கும் சொல்லலை.

தீபாவளி அன்னைக்கு எண்ணெய்க் குளியல் முடிச்சு, பலகாரம் சாப்பிட்டுட்டு, சும்மா இருந்த நேரத்துல கேட்வேயைப் புது வைஃபையில சேர்த்தேன். உள்ளுக்குள்ள சேமிச்சு வெச்சிருந்த பழைய தகவலெல்லாம் ஒவ்வொண்ணா ஏறிச்சு. மூணு கட்டம் பச்சை, ஒண்ணு கருப்பு. ஜூன் முதல் வாரத்துலயே அது நின்னுருக்கு. மாடியில போய்ப் பார்த்தா, பேனலுக்கு அடியில தேங்காய் நாரெல்லாம் வெச்சு அணில் ஒண்ணு கூடு கட்டி, வயரைக் கடிச்சு வெச்சிருக்கு. வாரன்டியில கேட்டப்ப, "பிராணி கடிச்சதுக்கு வாரன்டி கிடையாது சார்"னு சொல்லிட்டாங்க. நியாயம்தான். வாரன்டி தாள்ல நாலாம் பக்கத்துல இருக்கு. நீங்க வாங்குறதுக்கு முன்னாடி படிங்க. எத்தனை வருஷம்னு மட்டும் பார்க்காதீங்க. ரிப்பேர் ஆளோட கூலி சேருமா, பொருளை யார் அனுப்பி வைக்கணும்னும் பாருங்க. கேபிளும் கூலியும் சேர்த்து 2,800 ரூபாய் ஆச்சு. பேனலைச் சுத்தி கம்பி வலை அடிக்க இன்னொரு 1,500. முதல்லயே அடிச்சிருக்கலாம்.

ரெண்டு பில்லுல சேர்த்து நஷ்டம் 1,128 ரூபாய். பெரிய காசு இல்லை. ஆனா அந்த தீபாவளிக்கு நான் வைஃபையைச் சேர்க்காம இருந்திருந்தா, வருஷத்துக்கு 3,384 ரூபாய்னு போய்க்கிட்டே இருந்திருக்கும். அஞ்சேகால் வருஷக் கணக்கு ஆறு வருஷத்தைத் தாண்டியிருக்கும். பில் மட்டும் எப்பவும் குறைவாவே தெரிஞ்சிருக்கும்.

இப்ப ஆப் கணக்கு என் மின்னஞ்சலுக்கு மாறிடுச்சு. மாசம் முதல் தேதி, சம்பளம் வந்ததும் எஸ்ஐபி போச்சான்னு பார்க்கிறப்ப நாலு பேனல் நம்பரையும் அதே ஷீட்ல எழுதுறேன், ரெண்டு நிமிஷ வேலை. நெட் மீட்டர் போட்டோவை அப்பா அனுப்புறார். மீட்டர் தரையில இருக்கு, ஏணி வேண்டாம். போன மாசம் 61, 60, 59, 53. அந்த ஷீட்டை வீடியோவுக்குக் கீழே இணைச்சிருக்கேன், உங்க பேனல் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி வரிசையைச் சேர்த்துக்கோங்க. ஸ்லாப் ரேட் மாறினா மேல இருக்கிற மஞ்சள் கட்டத்துல மட்டும் மாத்தினா போதும்.